இரவல் போன குழல்கள்

அடக்கத்துக்கு வராதவள், நாலாம் நாள் காலையில் வந்து கதவைத் தட்டினாள்.

சாவு வீட்டுக்கு ஒரு பாத்திரத்தில் எதையாவது சமைத்து மூடிக்கொண்டு போவதுதான் அமெரிக்காவில் எங்கள் மேல் மிச்சிகன் பக்கத்து வழக்கம். லோர்னா வெறுங்கையோடு நின்றாள்.

"உள்ள வாம்மா. காபி போட்டிருக்கேன்," என்றாள் ஐலி. புருஷன் ரெய்னோவைப் புதைத்த களைப்பு இன்னும் கண்ணில் இருந்தது.

"வேணாங்க. வண்டியில குழந்தை தூங்குது. பதினஞ்சாம் தேதி மான் வேட்டை ஆரம்பிக்குது. என் துப்பாக்கிக் குழல் மூணையும் குடுத்துட்டீங்கன்னா போயிடுவேன்."

ஐலி பின்னறைக்குப் போனாள்.

லோர்னா கேட்டதிலும் நியாயம் உண்டு. அது அவள் அப்பா அவளுக்குக் கல்யாணத்தில் கொடுத்த துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடுகிற பழைய மாதிரி. தோளில் பதிக்கிற, விசையுள்ள கட்டை ஒன்று, குழல் மூன்று. ஒரு முளையைத் தட்டி எடுத்தால் குழல் கழன்று கையோடு வந்துவிடும். ஒல்லிக் குழல் முயலுக்கு, அகலக் குழல் காட்டுக்கோழிக்கு, கனத்த குழல் மானுக்கு. மூன்று துப்பாக்கி வாங்க வழியில்லாத வீட்டில் அது ஒன்றே மூன்று துப்பாக்கி.

இரண்டாவது தோட்டா கிடையாது என்பதால் அவள் அவசரப்பட்டுச் சுட்டதே இல்லை. வருஷத்துக்கு ஒரு வெடி, ஒரு மான். பனி உருகும் வரை வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை.

அந்த மாதிரித் துப்பாக்கி செய்வதை நிறுத்தி வெகு காலமாயிற்று. புதுத் துப்பாக்கியின் குழல் இதில் பொருந்தாது. பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட, கட்டையை மட்டுமாவது கொடேன் என்று கேட்கிறவர்கள் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரம் அறுக்கிற மில்லை மூடினார்கள். லோர்னாவின் புருஷன் வெஸ்லிக்கு வேலை போனது. எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். அவள் பிரசவத்துக்குப் போய்க் குழந்தையோடு திரும்பி வந்து பார்த்தால், சுவரில் கட்டை மட்டும் தொங்கியது.

ரெய்னோ இரவல் வாங்கிப் போனதாக வெஸ்லி சொன்னான். மில்லில் கூட வேலை பார்த்தவன்தானே, கொண்டுவந்து விடுவான் என்று இவளும் விட்டுவிட்டாள். வேட்டைக்காலம் வந்தது, போனது. குழல் வரவில்லை. கைக்குழந்தையும் சம்பளமில்லாத வீடுமாய் அந்தக் குளிர்காலத்தை உருளைக்கிழங்கிலேயே ஓட்டினாள்.

கடையில் பார்த்து நேரில் கேட்டதற்கு, இப்போ வேணாம்மா, அப்புறம் தரேன் என்று ரெய்னோ நழுவினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடிக்கும்போது அவள் சொன்னாள்: "ஒரே சீசனுக்கு மூணு குழல் கேக்குதாம் ரெய்னோவுக்கு. எத்தனை கையோட பொறந்தாரோ."

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் 'குழல் ரெய்னோ'. அவனும் சிரித்துவிட்டுத்தான் போனான். ஆனால் அதற்குப் பிறகு காபிக்கு நிற்கவில்லை. பிரார்த்தனை முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஐலி திரும்பி வந்தாள். பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிய மூன்று குழல். ஒரு பொட்டுத் துரு இல்லை.

"மாசாமாசம் எண்ணெய் போட்டுத் துடைப்பார்மா."

"சுட்டா துடைக்கத்தானே வேணும்."

"எதை வச்சுச் சுடறது? மில்லு மூடின வாரமே எங்க துப்பாக்கியை வித்தாச்சு. இந்தக் குழலை மாட்ட இங்க கட்டையே கிடையாது."

லோர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு வாங்கிட்டு வந்தார்?"

"நானும் கேட்டேன். அதை வெஸ்லிதான் சொல்லணும்னார். நீ சர்ச்சுல பேசின அன்னைக்குக்கூட அதேதான் சொன்னார்."

லோர்னா வீடு திரும்பியபோது முற்றத்தில் வெஸ்லி விறகு பிளந்துகொண்டிருந்தான். இப்போது சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறான். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடக்கூடச் செய்கிறான்.

மூன்று குழலையும் அவன் முன்னால் வைத்து, ஐலி சொன்னதைச் சொன்னாள்.

அவன் கோடரியைக் கீழே போட்டான். குழலைத் தொடவில்லை. விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தான்.

"அவன் கேக்கலை, லோர்னா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தே. வீட்டுல நானும் அந்தத் துப்பாக்கியும்தான். எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்லை. என்னை நானே ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயம்."

அவள் மெதுவாகக் கேட்டாள், "ஊர் முன்னால அவரை நான் அப்படிப் பேசினேனே. நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன். வாயைத் திறந்தா எல்லாத்தையும் சொல்லணும். வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே இருந்துட்டேன். அடக்கத்தன்னைக்குச் சவப்பெட்டியைத் தூக்குறவங்கள்ல ஒருத்தனா நிக்கக்கூட எனக்குக் கால் வரலை."

"ஊர்ல அவ்வளவு கெட்ட பேர் வாங்கினதுக்கு, உன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கலாமே அவர்."

வெஸ்லி தலை நிமிரவில்லை.

"அந்தக் குளிர்காலத்துல ரெண்டு தடவை போய்க் கேட்டேன். ரெண்டாவது தடவை அவனை அடிச்சுக்கூடப் பார்த்தேன். அவன் தரலை."