இறக்கத்துக்கு ஏற்ற சைக்கிள்

"விலையை அப்புறம் பேசிக்கலாம். இறக்கத்துல பின் பிரேக் பிடிக்காம முன் பிரேக்கை மட்டும் அழுத்தினா என்ன ஆகும்?"

சைக்கிள் கடைக்காரர் ஒரு நிமிடம் அசந்துபோனார். முதன்முதலாக மலை சைக்கிள் வாங்க வருகிறவர்கள் கலர் கேட்பார்கள், எத்தனை கியர் என்பார்கள், தொந்தி குறையுமா என்பார்கள். இந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே விழுவதைப் பற்றி விசாரிக்கிறாளே!

"பின் சக்கரம் மேல தூக்கிக்கும்மா. ஆளு தலைகுப்புறப் போய் விழுவாரு."

"பலமா அடிபடுமா?"

"மலைப் பாதைன்னா கேக்கவே வேணாம். ஓட்டப்போறது யாரு?"

"என் வீட்டுக்காரர். அவருக்கு இதான் முதல் வண்டி. பள்ளிக்கூடம் போறப்ப சைக்கிள் ஓட்டினதோட சரி."

புதிதாக ஓட்டப்போகிறவர் என்றதும் கடைக்காரருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் சொல்றதைக் கேளுங்கம்மா. முதல் வண்டிக்கு முன்னாடி மட்டும் ஸ்பிரிங் இருந்தாப் போதும். ரெண்டு பக்கமும் இருக்கறதை எவனாவது தலையில கட்டப் பார்ப்பான், ஏமாந்துடாதீங்க. வண்டிக்கு மேல கால் விரிச்சு நின்னா நடுச்சட்டம் தட்டக் கூடாது. அதான் அளவு. அப்புறம் டயர்..."

அவள் எங்கே கேட்டாள்? குனிந்து முன் சக்கரத்தின் நடுவில் இருந்த சின்னக் கைப்பிடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"சக்கரத்தைச் சட்டுனு கழட்டற லீவர்மா. ஸ்பேனரே வேணாம்."

"லூசா இருந்தா ஓட்டறவங்களுக்குத் தெரியுமா?"

"சமதரையில சட்டுனு தெரியாது. மேடு பள்ளத்துல குதிச்சா சக்கரம் தனி, ஆளு தனி."

"விழுந்தா, ஓட்டத் தெரியாம விழுந்துட்டாங்கன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க?"

கடைக்காரர் சட்டென்று குனிந்து அந்த லீவரை இறுக்கிவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் அவரை அனுப்பறேன். அளவு பார்த்து நீங்களே ஒண்ணு எடுத்துக் கொடுங்கண்ணே. கல்யாண நாளுக்கு ரெண்டு பேருமா மலைக்குப் போறோம்." சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டில் கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? வாயை மூடிக்கிட்டு வண்டியை வித்துட்டு வாங்க," என்றாள் மனைவி.

"நான் விக்கற வண்டியில ஏறி ஒருத்தன் சாகணுமா? அப்புறம் எனக்குத் தூக்கம் வருமாடி?"

மறுநாள் சாயங்காலம் கணவர் வந்தார். குண்டான, சாதுவான மனிதர். கடைக்குள் நுழையும்போதே இரண்டு சைக்கிள்களை இடித்து, இரண்டிடமும் 'சாரி' சொன்னார். கடைக்காரருக்கு நெஞ்சு உருகிவிட்டது. இந்தப் பச்சைக் குழந்தையையா தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள் அந்த மகராசி!

கடையில் வேறு கூட்டமில்லை. அலமாரிப் பக்கம் இரண்டு பெண்கள் முகத்தை மூடும் ஹெல்மெட்டுகளை மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கணவரை ஒரு வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார். குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, கால் நேராக நீளும்வரை சீட்டை உயர்த்தினார். அந்த அப்பாவி முகத்தைப் பார்க்கப் பார்க்க அவரால் தாங்க முடியவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்," என்று கிசுகிசுத்தார். "மலைக்குப் போகாதீங்க. வயித்து வலின்னு சொல்லிப் போர்வையை இழுத்துப் போத்திப் படுத்துடுங்க."

"ஏன்?"

"உங்க வீட்டம்மா நேத்து வந்து என்னென்னமோ கேட்டாங்க சார். ஒண்ணும் சரியாப் படலை."

கணவரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "என்ன கேட்டா?"

"பின் பிரேக் பிடிக்காட்டி என்ன ஆகும்னு கேட்டாங்க."

"ஐயையோ!"

"முன் சக்கரத்து லீவர் லூசா இருந்தா ஓட்டறவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க."

"அதையுமா?" கணவர் வண்டியோடு சேர்ந்து ஆடினார். கடைக்காரர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பாவம், உயிர் பயம் யாரை விட்டது?

கணவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். "ஹேண்டில்பார் போல்ட்டைப் பத்தி?"

"அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே சார்."

"அப்பாடா!" கணவரின் முகம் மலர்ந்தது. "நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த வண்டியில பண்ணி வச்சதுல, அதை மட்டும் அவ இன்னும் கண்டுபிடிக்கலை."

கடைக்காரரின் கை தானாகவே வண்டியை விட்டது. கணவரும் சைக்கிளும் தடாலென்று தரையில் சாய்ந்தார்கள்.

அலமாரிப் பக்கம் ஒரு ஹெல்மெட் கழன்றது. உள்ளே அந்த அம்மா. பக்கத்து ஹெல்மெட்டுக்குள் இருந்தவர் இன்ஸ்பெக்டர் என்பது, அவர் கைவிலங்கை எடுத்ததும் கடைக்காரருக்குப் புரிந்தது.

"அம்மா... என்னை மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்த் தப்பா நினைச்சு, எல்லாத்தையும் இவர்கிட்ட உளறிட்டேனே!" கடைக்காரர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

"நீங்க ஏண்ணே மன்னிப்புக் கேக்கறீங்க? வாயில எதுவுமே தங்காத ஆள் யாருன்னு ஊரெல்லாம் விசாரிச்சுட்டுத்தானே உங்க கடைக்கு வந்தேன்!"