அரை நிமிடப் பூட்டு

காத்திருப்போர் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியபோது அவன் தேநீரை ஓரமாக வைத்தான்.

திரையில் அந்த எண்ணிக்கையின் கோடு. காலை முழுக்கத் தரையோடு கிடந்தது. பத்து நாற்பதுக்கு எழுந்தது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

சர்வரில் கோளாறு இல்லை. நினைவகம் பாதி காலியாக இருந்தது. எந்த வேலையும் நடக்கவில்லை. எல்லாம் எதற்கோ காத்து நின்றன.

மருத்துவமனையின் எல்லாக் கணினிகளுக்கும் அவன் பொறுப்பிலிருந்த அந்த ஒரு சர்வர்தான். வார்டுகள், மருந்தகம், ரத்த வங்கி.

மேலாளர் குணசீலன் இரண்டு முறை அழைத்துவிட்டார். அறுவை அரங்கில் ஒருவரைப் படுக்கவைத்தாயிற்று. ரத்தத்துக்கான சீட்டு வரவில்லை. சர்வரை அணைத்துப் போடச் சொன்னார்.

அணைத்தால் மீண்டும் எழ இருபது நிமிடம் ஆகும். அவன் ஐந்து நிமிடம் கேட்டான்.

யாருக்குப் பின்னால் யார் என்று பார்த்துக்கொண்டே போனான்.

ரத்த வங்கி, மருந்தகத்தின் மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால் நின்றது. மற்றவர்களும் அப்படியே. சீட்டுக்கான வரிசை எண்ணை அந்தக் கவுண்டர் எடுத்து வைத்திருந்தது. அது முடித்தால்தான் அடுத்தவருக்கு எண்.

மூன்றாம் கவுண்டர் ஒரே ஒரு பதிவுக்காகக் காத்திருந்தது. குழந்தைகள் வார்டு, படுக்கை பதினாறு.

அந்தப் பதிவைப் பூட்டி வைத்திருந்தது நான்காம் மாடிக் கணினி. பத்து முப்பத்தெட்டிலிருந்து. ஒரு படிவம் திறந்திருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. அதன் பிறகு யாரும் எதையும் தொடவில்லை.

படிவத்தின் பெயரைப் பார்த்தான்.

இறப்புப் பதிவு.

அவன் உருவாக்கிய படிவம். திறந்ததும் பூட்டு விழும். சேமித்ததும் விலகும். ஒரே பதிவில் இரண்டு பேர் கைவைக்கக் கூடாது என்பதற்காக.

எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று அப்போது கேட்டிருந்தார்கள்.

அரை நிமிடம் என்று குறித்துக் கொடுத்தான்.

நான்காம் மாடிக்கு அழைத்தான். செவிலியர் ஜெசிந்தா எடுத்தார். சேவ் பொத்தானை அழுத்தச் சொன்னான்.

அவர் அழுத்தவில்லை.

தணிந்த குரலில் காரணம் சொன்னார். குழந்தை போய்க் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தாய் அதற்கு முன்பே மருந்துச் சீட்டோடு கீழே போய்விட்டாள். சேமித்தால் அவள் கைபேசிக்குத் தானாகச் செய்தி போகும்.

நோயாளியின் பதிவு மூடப்பட்டது, நன்றி. அந்த வரியும் அவன் எழுதியதுதான்.

“ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டு வான்னு ஆயாவ அனுப்பினேன் சார். மருந்து வாங்காம வரமாட்டேன்னு அந்தப் பொண்ணு ஜன்னலை விட்டு நகர மாட்டேங்குதாம். பில்லு இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு கவுண்டர்ல இருக்கறவங்களும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. மேல வந்துடட்டும் சார். நானே சொல்லிக்கிறேன்.”

எந்தக் கவுண்டர் என்று அவன் கேட்கவில்லை.

சேமிக்காமல் மூட முடியாது. அந்தப் படிவத்தில் ரத்து செய்யும் பொத்தானை அவன் வைக்கவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

“ஃபார்ம் தானா மூடிக்கும் சிஸ்டர். அவங்க வந்தப்புறம் திறங்க” என்றான்.

போனை வைத்தான்.

இரண்டு வேலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால் சர்வரே கண்டுபிடித்துவிடும். எதை விட்டால் இழப்பு குறைவோ அதைத் துண்டிக்கும். யாரையும் கேட்காது.

இந்த வளையம் அதற்குத் தெரியவில்லை. இதில் பாதி வெளியே இருந்தது. ஒன்று நான்காம் மாடியில், பொத்தானை அழுத்தாமல். ஒன்று தரைத்தளத்தில், ஜன்னலை விட்டு நகராமல்.

மூன்றாம் கவுண்டரைத் துண்டிக்கலாம். ரத்த வங்கிக்கு வழி கிடைக்கும். அவள் மட்டும் நிற்பாள். கவுண்டரில் மறுபடி தட்டுவார்கள். மறுபடி எல்லாம் நிற்கும்.

எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு.

நான்காம் மாடியைத் துண்டித்தான்.

கோடு விழுந்தது.

தேங்கியிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. ரத்த வங்கி நான்காவதாகப் போனது.

முதலாவது, பதினாறு. ஊசி மருந்து இரண்டு. சிரிஞ்சு இரண்டு.

சேமிக்காத எதுவும் சர்வருக்கு நடந்ததாகக் கணக்கில்லை. பதினாறாம் பதிவைத் திறந்து பார்த்தான். பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

சிகிச்சையில்.

குணசீலன் அழைத்தார். ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். குரல் இறங்கியிருந்தது. யார் திறந்து வைத்துவிட்டுப் போனது, பேரைச் சொல்லுங்கள், மெமோ கொடுத்துவிடலாம் என்றார்.

“நான் போட்ட ஃபார்ம் சார்” என்றான். “என் பேரையே போட்டுக்கங்க.”

தேநீரில் ஆடை படிந்திருந்தது.

பதினொன்று ஐந்துக்கு நான்காம் மாடியில் அந்தப் படிவம் மறுபடி திறந்தது. பதினாறின் மேல் பூட்டு விழுந்தது.

அரை நிமிடம்.

ஒரு நிமிடம்.

மூன்று நிமிடம்.

பூட்டுக்குப் பின்னால் ஒன்று வந்து நின்றது. சமையலறை. பதினாறுக்கு மதியக் கஞ்சி.

துண்டிக்கும் கட்டளை திரையில் அப்படியே இருந்தது. அதில் இணைப்பின் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

அவன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.