வேப்பமரக் கட்டில்

“எங்க தேக்குக் கட்டிலு வெந்து சாம்பலாப் போச்சே!”

சீனித்தாய் மதில் பக்கமாகத் திரும்பி நின்று கத்தினாள். உள்ளே இருந்த அவள் புருஷன் காசிலிங்கம், “வாய மூடுளா. நம்மகிட்ட எங்க இருந்துச்சு தேக்கு?” என்று பல்லைக் கடித்தார். வேப்பமரக் கட்டில், அரக்குச் சேலை ரெண்டு, பனம்பலகை அலமாரி என்று இப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதை வாங்கியவர் சுதர்சனம். தீப்பிடித்த வீட்டைப் பார்த்து நஷ்டஈடு எழுத இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். கரி படிந்த வெறும் அறையின் நடுவில் நின்றார்.

“சாமான் எங்கே ஓய்? கரிக்கட்டையானாலும் நான் பாக்கணும். அதுவரைக்கும் எதையும் எடுக்கப்படாதுன்னு பாலிசியிலேயே போட்டிருக்கே.”

“எரிஞ்சது வீட்டுல கெடந்தா மூதேவி அண்டும்னு, மறுநாளே வண்டியில ஏத்திக் கடல்ல தட்டச் சொல்லிட்டேன் சாமி.”

“அப்போ பணத்தையும் கடல்லேயே தேடும்.”

“எங்க அண்ணனும் மச்சானும் பாத்திருக்காவ. கூப்புடட்டா?”

“சொந்தக்காரா சாட்சி எனக்கு வேண்டாம். கேட்டா தங்கக் கட்டில்னுகூடச் சொல்லுவா.”

காசிலிங்கத்தின் குடும்பமே கருப்பட்டிக் கடையின் பின்னால் சாக்கை விரித்துப் படுத்துக் கிடக்கிறது. ரேஷன் கார்டைக் காட்டித் துணிக்கு வரிசையில் நிற்கிற காலம். இந்தப் பணம் வராவிட்டால் வீடும் இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து சீனித்தாய் மறுபடியும் தொண்டையைத் திறந்தாள்.

“என் காஞ்சிபுரம் பட்டு! பெல்ஜியம் கண்ணாடி வச்ச பீரோ! எல்லாத்துக்கும் கம்பெனிக்காரவ ரூவா தரப் போறாவ!”

சுதர்சனம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு காசிலிங்கத்தைப் பார்த்தார். “நீர் ஒண்ணு எழுதறீர், உம்ம ஆம்படையா ஒண்ணு சொல்றா. யாரு பொய்?”

“ஏளா, குடியக் கெடுக்காத!” காசிலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

வாசலில் முத்துக்கனி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. மதில் யாருடையது என்று கோர்ட்டுக்குப் போனதிலிருந்து இந்தப் படியை மிதிக்காதவள். நேரே சுதர்சனத்திடம் போனாள்.

“ஐயா, இந்தப் பொய்க்காரிய நம்பி ஏமாந்துராதிய. தேக்காம் தேக்கு! வேப்பமரக் கட்டிலு. ஒரு காலு ஆடும், செங்கல்ல முட்டுக் குடுத்திருந்தா. எங்க ஜன்னலத் தொறந்தா அந்தச் செங்கல்லதான் முழிக்கணும்.”

“நீ கண்டியாக்கும்!” என்றாள் சீனித்தாய்.

“பின்ன? காஞ்சிபுரமாம்லா! ஏரல் சந்தையில எடுத்த அரக்குச் சேலை, இருந்ததே ரெண்டுதான். எலி கடிச்சதத் தச்சுத் தச்சுக் கெட்டுவா. பீரோவாம்! பனம்பலகை அலமாரி, ரசம் போன கண்ணாடி. அந்த மூஞ்சிக்கு அது போதும்னு வச்சிருந்தா.”

“தீப்பிடிக்கிறவரைக்கும் இதெல்லாம் இங்கே இருந்ததா?” என்று கேட்டார் சுதர்சனம்.

“இல்லாமயா? வேற என்னத்த இருக்கு அவகிட்ட? அன்னைக்குக் காலையிலகூட அந்த எலி கடிச்சதத்தான் கொடியில போட்டிருந்தா. நான் சத்தியம் பண்ணுதேன். ஒத்த ரூவா குடுக்காதிய!”

“சொன்னதை எழுதினா கையெழுத்துப் போடுவியாம்மா?”

“கைநாட்டுதான். நல்லா அழுத்தியே வைக்கேன்.”

வைத்தாள். சீனித்தாயை ஏற இறங்கப் பார்த்து, காறித் துப்பிவிட்டு, ஜெயித்த நடையில் போனாள்.

சுதர்சனம் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நீர் எழுதினதுக்கும் அவ சொன்னதுக்கும் ஒண்ணுகூட மாறலை ஓய். வேண்டாதவளே சாட்சி சொன்னப்புறம் கம்பெனி என்ன பேசும்? பணம் வந்துடும்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை காசிலிங்கம் வாசலிலேயே நின்றார். பிறகு மனைவி மேல் பாய்ந்தார். “மயிரிழையில தப்பிச்சோம். தேக்கு, காஞ்சிபுரம்னு எதுக்குளா அந்தப் புளுகு புளுகின?”

சீனித்தாய் மதிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் பொய் சொன்னாத்தான, அவ உண்மையச் சொல்லுவா.”