திரும்பவும் கறுப்புத் திரை

"இது உமக்கே நியாயமாத் தெரியுதோ, தம்பி? இதோட மூண்டாந்தரம்!"

கதவைத் திறந்த கையோடு தொடங்கிவிட்டார் கதிர்காமநாதன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவருடைய மாடிவீடு. லிஃப்ட் பழுதென்பதால் படியேறி வந்திருந்த ஸ்ரான்லி, கருவிப் பையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினான்.

"என்ன செய்யுது, அங்கிள்?"

"ஒண்டும் செய்யேல்லை, அதுதானே கரைச்சல்! சுவிச்சைப் போட்டா உள்ளுக்க ஃபேன் சுத்துது, லைட் எரியுது, கீ கீ எண்டு கத்துது. ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. போன முறையும் இதேதான், அதுக்கு முந்தியும் இதேதான். இதுக்குப் பேர் திருத்திறதோ?"

கதிர்காமநாதன் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இறந்தபின் அந்த வீட்டில் தனியாக இருந்தார். தண்ணீர் வராவிட்டாலும், குப்பை வண்டி பிந்தினாலும், பத்திரிகையில் எழுத்துப்பிழை விட்டாலும் உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காரமாக ஒரு கடிதம் அடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

"பின்னேரம் கீழ எங்கட ஃப்ளாட்காரரின்ர கூட்டம். லிஃப்டைப் பற்றி நான் எழுதினது முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கு. அங்க போய் நான் எதைப் பார்த்து வாசிக்கிறது? உம்மட முகத்தைப் பார்த்தோ?"

ஸ்ரான்லி மொனிட்டர் வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து உள்ளே விரலை விட்டான்.

"ரேம் தகடு லூசாகியிருக்கு, அங்கிள். அது சரியா இருக்காட்டி ஸ்கிரீன்ல ஒண்டும் வராது. கடல் காத்துக்கு இதெல்லாம் கறள் பிடிக்கும்."

"ஏன், கடல் காத்து என்ர வீட்டுக்குள்ள மட்டுமோ அடிக்குது? எதிர்வீட்டு ஸாலிஹின்ர கம்ப்யூட்டர் அவர் கல்யாணம் கட்டின காலத்துச் சாமான். இண்டைக்கும் ஓடுது!"

ஸ்ரான்லி அந்தச் சிறு தகட்டைக் கழற்றி, அதன் விளிம்பை அழிறப்பரால் தேய்த்தான். தேய்த்தபடியே மேசையில் கிடந்த மருந்து அட்டையைப் பார்த்தான்.

"இந்தக் குளிசை புதுசா, அங்கிள்? போன முறை இது இருக்கல்லையே."

"கம்ப்யூட்டரைத் திருத்த வந்தனீரோ, என்னைத் திருத்த வந்தனீரோ?"

"இல்ல, அண்டைக்குக் கால் நல்லா வீங்கியிருந்திச்சு. அதான் கேட்டேன்."

"டொக்டர் குளிசையை மாத்தினவர். வீக்கம் வத்திப்போச்சு. போதுமோ? இல்லாட்டி சாரத்தைத் தூக்கிக் காட்டவோ?"

"தனியா இருக்கீங்களே, அங்கிள். பிள்ளைகள் யாராவது வந்து பார்த்தா..."

"எனக்குப் பிள்ளையள் இல்லை!"

மேசையில் ஓங்கி அடித்தார். மருந்து அட்டை துள்ளி விழுந்தது. சுவரில் மனைவியின் படம் மாலையோடு தொங்கியது. அதற்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று மட்டும் இருந்தது.

ஸ்ரான்லி குனிந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். ரேமை அதன் இடத்தில் அழுத்தி, சுவிச்சைப் போட்டான். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது. நீலம் வந்தது. கதிர்காமநாதன் எழுதிவைத்த முறைப்பாடும் வந்தது. அவருடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. கோபமாக இருப்பது நினைவுக்கு வர, உடனே இறுகிக்கொண்டது.

"அப்ப இவ்வளவும்தானே! ஒரு தகட்டை ஒழுங்கா அமத்திறதுக்கு மூண்டு தரம் வரவேணுமோ? நான் ஒண்டும் விசரன் இல்லை, தம்பி. நீர் வேணுமெண்டே அதை லூசா விட்டிட்டுப் போறீர்."

"ஐயோ அங்கிள், அப்படிச் சொல்லாதீங்க. நான் உங்ககிட்டக் காசுகூட வாங்கல்லையே."

"காசு வாங்காட்டி நான் வாயை மூடிக்கொண்டிருப்பன் எண்டு நினைச்சீரோ?"

"கோவப்படாதீங்க அங்கிள், பிரஷர் கூடும்."

"நான் கோவப்படேல்லை!" என்று கட்டடமே கேட்கக் கத்தினார் கதிர்காமநாதன். "இன்னொருக்கா இது கறுத்துதெண்டா, வேற ஆளைத்தான் கூப்பிடுவன். சொல்லிப்போட்டன்."

அவ்வளவு நேரமும் ஏச்சு வாங்கியும் அசையாதிருந்த ஸ்ரான்லி, இதற்குத்தான் பதறிப்போனான்.

"வேற ஆளா? வேணாம் அங்கிள்! எனக்கே கோல் எடுங்க. எந்த நேரமெண்டாலும் ஓடி வாறேன்."

"போம், போம்! படியில விழுந்திடாமப் போம்!"

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

ஸ்ரான்லி கீழே இறங்கி, ஒழுங்கை முகப்பில் நின்ற முச்சக்கர வண்டியை நோக்கி நடந்தான். அதற்குள் காத்திருந்த அவன் மனைவி உஷாந்தி, அவன் கிட்ட வருமுன்பே தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கார். கால் வீக்கம் வத்தியிருக்கு. மூச்சுக்கூட வாங்காம ஏசினார்."

"உங்களை ஆரெண்டு இன்னும் பிடிபடேல்லையே?"

"மருமகன்ட முகத்தைச் சாகும்வரைக்கும் பார்க்க மாட்டேன் எண்டவர், இண்டைக்கும் முகத்துக்கு நேர நிண்டுதான் ஏசினார்," என்று சிரித்தபடி வண்டிக்குள் ஏறினான் ஸ்ரான்லி. "ஆனா, மனுசன் சொன்னது உண்மைதானே... இந்த முறையும் ரேமை ஒரு பக்கம் பூட்டாமத்தான் விட்டிட்டு வந்திருக்கேன்."