எழுதி வைக்காத ஆள்

குழியில் கால் எலும்பு தெரிந்ததும் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அகழாய்வு மேடம் குழிக்குள் குதித்தாள். சின்ன வயசு, பெரிய படிப்பு. பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினாள். பக்கத்தில் கிடந்த பானை ஓட்டைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பல்.

"வரலாற்றுக்கு முந்தைய ஆளு!"

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"எழுத்து வர்றதுக்கு முன்னாடி வாழ்ந்தவங்க தாத்தா. இவங்களைப் பத்தி யாரும் எங்கயும் எழுதி வைக்கலை."

"அப்ப நம்ம பெரியவரும் அதே காலந்தான். இன்னும் கைநாட்டுதானே!" என்றாள் மண் சுமக்கிறவள். எல்லோரும் சிரித்தார்கள்.

மற்ற நாளாக இருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்று அந்தக் கால் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்தவர்களை நான் நம்புவதில்லை. காகிதத்தைச் சுத்தமாக நம்புவதில்லை. நாற்பது வருஷம் முன்னால், இதே மேட்டில் கல்குவாரி நடந்தபோது, ஒரு காகிதத்தில் பெருவிரலை வைத்தேன். படித்துக் காட்டாமலே வாங்கிக்கொண்டார்கள். என் தம்பி வேலையை விட்டு ஓடிப்போனான் என்று அதில் இருந்ததாம்.

பெற்றவள் சாகிறவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மேடம் கணுக்காலுக்கு மேலே விரலை வைத்தாள். "இங்க ஒடிஞ்சு கோணலாக் கூடியிருக்கு. யாரோ கட்டுப் போட்டுப் பார்த்திருக்காங்க. அந்தக் காலத்துலயே என்ன பாசம் பாருங்க!"

கட்டு சரியில்லை. ரொம்ப இறுக்கிவிட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு.

பல வருஷம் கழித்து, குவாரியில் பாறை சரிந்த அன்று, மேஸ்திரி சொன்னார் என்று அவன் மேல் மண்ணைத் தள்ளி மூடியதும் இதே கைதான்.

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? ஒரு பேரும் நீங்களே வச்சிருங்க தாத்தா." நோட்டைத் திறந்தாள்.

எலும்பைச் சோதனைக்கு அனுப்பி வயசு பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

"சின்னவன்னு எழுதுங்க."

"இவ்ளோ நெட்டையா இருக்காரு, சின்னவனா?"

"எழுதுங்க மேடம்."

எழுதினாள்.

படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.