பெட்டிக்குள் இருந்தவள்

கறிவேப்பிலை வாங்கத்தான் எதிர்வீட்டுக்குப் போனேன். வேவு பார்க்க அல்ல. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அருமைநாயகம், லண்டனிலிருந்து வரவழைத்த பொம்மை ரயிலின் பயணிகள் பெட்டியைச் சரக்குப் பெட்டியாக மாற்றிக்கொண்டிருந்தார். பழசானால் பிரிட்டிஷ்காரனும் இப்படித்தான் மாற்றுவானாம். ஜன்னல்களை மரப்பொடிப் பசையான மக்கு வைத்து அடைத்தாயிற்று, ஒன்றுதான் பாக்கி. பெட்டிக்குள் அதனருகே மஞ்சள் சட்டையில் ஒரு குட்டிப் பொம்மை. மகள் பிரிசில்லா சிறுமியாக இருந்தபோது, அவளைப் போலவே அவர் மனைவி ஜெபமணி செய்து ஒட்டியது. போன மாதம் எலெக்ட்ரீஷியன் பையனைக் கட்டிக்கொண்டு போனாளே, அதே பிரிசில்லாதான்.

“அவள மட்டும் எடுத்துக் குடுத்திருங்க. நான் வச்சுக்கிடுதேன்” என்றாள் ஜெபமணி.

“சரக்குப் பெட்டியில ஆள் ஏது?”

“அந்தா உக்காந்திருக்காள்லா!”

அவர் என் பக்கம் திரும்பினார். “எஸ்தர், உன் கண்ணுக்கு யாரும் தெரியுதா?”

தெரிகிறது என்றால் நாளையிலிருந்து அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. அப்புறம் தெருவுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கும்?

“ஒண்ணும் தெரியலியே அண்ணாச்சி.”

அவர் நிதானமாக மக்கை வைத்து அழுத்தினார். ஜெபமணி ஜன்னலைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.