ஜாடியில் ஒட்டிய பெயர்

பள்ளிக்கூட லேப் மேசைமேல் கோணிப்பையிலிருந்து செத்த பாம்பைக் கொட்டினார் கொட்டச்சேடு கிராமத்து ஐயாக்கண்ணு.

"உங்க கிளாசுல படிக்கற எம்புள்ளயக் கையில நேத்துக் கடிச்சதுங்க, டீச்சர். கட்டுவிரியன்தானுங்களே?"

வியாகுலமேரி டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"வெள்ளை வளையம் கழுத்துலேயே ஆரம்பிக்குது. நடுமுதுகுச் செதிலும் பெரிசா இல்லை. இது விரியன் மாதிரியே இருக்கிற வேற பாம்புங்க. மத்த மிருகங்களும் விரியன்னு நெனச்சு ஒதுங்கிப் போயிடும். துளி விஷம் கிடையாது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். இது கடிச்சு யாரும் சாக மாட்டாங்க."

ஐயாக்கண்ணு முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ஆஸ்பத்திரியில இருக்குதுங்க. எங்கப்பன்தான் காப்பாத்துச்சுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுதுங்க."

"எப்படிக் காப்பாத்தினீங்க?"

"விஷம் ஏறிடப் போவுதுன்னு, காப்பிச் செடி வெட்டற கத்தியால கடிபட்ட வெரல எடுத்துப்போட்டனுங்க."

அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"அடுத்த வாரம் பள்ளிக்கூடம் வந்துருமுங்க. என்ன பாம்புன்னு உங்களத்தான் கேக்கும்."

டீச்சர் பாம்பை ஜாடியில் போட்டு மூடினார். பேனாவை எடுத்தார். பிறகு லேபிளில் 'கட்டுவிரியன்' என்று எழுதி ஒட்டினார்.